கம்பியில் நூற்று இருபது ரசீது

மரக்காணத்தில் உப்பு மூட்டை கட்டுகிற யாரைக் கேட்டாலும் கோணி தைக்கிற ஹமீதாவின் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஐம்பத்தாறு வயது. அவள் புருஷன் ஹபீப் முஹம்மது அரிசி ஆலை, உரக்கடை என்று அலைந்து பழைய கோணிகளை வாங்கி வருவார். அவள் கிழிசலைத் தைத்து ஒட்டுப் போட்டுக் கொடுப்பாள். அவர் அதை உப்பளங்களில் விற்றுவிட்டு வருவார். கோணிக்கு இரண்டு ரூபாய் உன் கூலி என்று அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கூலியை அவள் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு சங்கதி. கோணி ஊசி விரலில் ஏறாத வாரம் கிடையாது. ஊசி குத்தின விரலோடு உப்பு ஏறிய கோணியைப் பிடித்தால் எப்படி எரியும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஹபீப் முஹம்மது நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பீடி, வெற்றிலை கிடையாது. பொய் கிடையாது. ஐந்து வேளைத் தொழுகை தவறாது. இப்படிப்பட்ட மனிதரோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்துவது என்ன பாடு என்று ஹமீதாவைக் கேட்டால் சொல்லுவாள். ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

அவருக்கு ஒரு பெருமை உண்டு. வட்டி வாங்கினதுமில்லை, வட்டி கொடுத்ததுமில்லை. வட்டி ஹராம். டீக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, மௌத்து விழுந்த துக்க வீட்டில் உட்கார்ந்தாலும் சரி, பேச்சு எப்படியாவது சுற்றி வளைத்து அங்கே வந்து நிற்கும். ஒரு ரம்ஜானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான் பேச்சிலேயே சொன்னார். "நம்ம மஹல்லாவுல ஒருத்தர் இருக்காரு. இத்தன கஷ்டத்துலயும் ஒரு ரூபா வட்டிய கையால தொட்டது இல்ல." ஸ்பீக்கரில் அது வீடு வரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு ஷாகிரா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க வீட்டுக்காரரத்தான் சொல்றாரு" என்றாள். ஹமீதாவுக்கும் அன்றைக்கு மனசு குளிர்ந்துதான் போயிற்று. பொய் சொல்வானேன்.

கடன் வந்த கதை இதுதான். தானே புயல் அடித்த வருஷம், உப்புப் பருவம் தொடங்குவதற்கு முன்னால், திண்டிவனத்தில் ஒரு வியாபாரிகள் சங்கத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கோணி கடனாக எடுத்தார். மூன்று மாதத்தில் பணம் கட்டினால் வட்டி கிடையாது. அதனால்தான் எடுத்தார். டிசம்பர் கடைசியில் புயல் வந்து கொட்டகையைத் தூக்கிப் போட்டு அத்தனை கோணியையும் சேற்றில் புரட்டியது. அலசிக் காயவைத்து விற்றது போக, பதினாறாயிரம்தான் கெடுவுக்குள் கட்ட முடிந்தது. பாக்கி இருபத்துநாலாயிரம். அதற்கு நூற்றுக்கு ஒன்றரை வட்டி, மாதம் முந்நூற்றறுபது என்று நோட்டீஸ் வந்தது.

மூன்று வருஷம் நோட்டீஸ் வருவதும் இவர் கிழிப்பதுமாகப் போயிற்று. பிறகு ஒருநாள் நேரே போய்ச் சொன்னார். "அசல் என் கடமை, மாசா மாசம் கட்டிடறேன். வட்டி தரமாட்டேன், எங்க மார்க்கத்துல இல்ல." அங்கே கிளார்க்காக இருந்த சக்கரபாணி, "சரிங்க பாய், உங்களால முடிஞ்சத கட்டுங்க" என்றார். அன்றிலிருந்து மாதம் இருநூறு. பத்து வருஷம். ஒரு மாதம் தவறவில்லை, கொரோனாவில்கூட சக்கரபாணிக்குப் போன் போட்டு யார் மூலமோ அனுப்பினார். இருநூறு ரூபாய் என்றால் நூறு கோணி. ஹமீதாவின் மாதத்தில் நூறு கோணி அந்தச் சங்கத்துக்குப் போனது.

ரசீது வந்ததும் ஒரு சடங்கு நடக்கும். கை கால் கழுவிக்கொண்டு உட்காருவார். சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுப்பார். பெரிய ஆபீசர் கையெழுத்துப் போடுகிற தோரணையில் ரசீதின் தலையில் 'அசல்' என்று எழுதுவார். அடுப்படிக்குப் பக்கத்தில் தொங்குகிற கம்பியில் குத்துவார். "ரெக்கார்டு பக்காவா இருக்கணும் ஹமீதா" என்பார். அவளும் தலையை ஆட்டுவாள்.

இப்போது மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள் ஃபர்ஹானா. திண்டிவனத்தில் மொபைல் கடையில் வேலை பார்த்த இஜாஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பையன். மறு வருஷம் கடையை மூடிவிட்டதால், பெண்கள் குழுவுக்குக் கடன் கொடுக்கும் ஒரு ஃபைனான்ஸில் வசூல் வேலைக்குச் சேர்ந்தான். மாமனாரிடம் சொல்லவில்லை. சொல்லாதது தப்புதான். ஒரு திங்கட்கிழமை ஹபீப் முஹம்மது கோணி விற்கப் பக்கத்து ஊர் அனுமந்தைக்குப் போனார். அங்கே தெருவில் பாயை விரித்து இருபது பெண்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நோட்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தவன் அவர் மருமகன்.

அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. "வேற வேலை வாங்கிக் குடுங்க மாமா, நாளைக்கே விட்டுடறேன்" என்றான் இஜாஸ். அவரால் எங்கிருந்து வாங்கிக் கொடுக்க முடியும்? ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். ஃபர்ஹானாவுக்குக் குழந்தை பிறந்தபோது போகவில்லை. நாற்பது நாள் கழித்து அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கதவைத் திறக்கவில்லை. ஹமீதா உள்ளே நின்றுகொண்டு பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டாள். அவள் அன்றைக்கே கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்த எரிச்சல் எட்டு வருஷமாக அவள் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அதன் பிறகு தாயும் மகளும் பார்த்துக்கொண்டதெல்லாம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான். சணல் வாங்கப் போகிறேன் என்று ஹமீதா போவாள். ஃபர்ஹானா டிபன் பாக்ஸில் எதையாவது ஆக்கிக்கொண்டு வருவாள். பெஞ்சில் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். சொந்த மகள் ஆக்கின சோற்றைத் திருட்டுச் சோறு மாதிரி தின்ன வேண்டிய தலையெழுத்து.

போன கார்த்திகைப் புயலில் மறுபடியும் உப்பளமெல்லாம் சேறு மண்டிப் போயிற்று. அந்தக் கையோடு சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அசல் இருபத்தையாயிரத்துக்கு உட்பட்ட சிறு பாக்கிகளுக்கு வட்டி முழுவதும் தள்ளுபடி. மார்ச் இருபத்தெட்டாம் தேதிக்குள் அசலை முடித்துக் கடனில்லாச் சான்று வாங்கிக்கொள்ளலாம்.

ஹபீப் முஹம்மது அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். கம்பியிலிருந்த ரசீதுகளை எண்ணினார். நூற்று இருபது. இருபத்துநாலாயிரம் சரியாக இருந்தது. டிசம்பரோடு அசல் தீர்ந்தது, இப்போது வட்டியும் தானாகப் போயிற்று. "பாத்தியா. அல்லா என்னைய வட்டி கட்ட விடல பாத்தியா" என்று ஹமீதாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

ரம்ஜான் பிறந்து பத்தாம் நோன்பன்று இருவரும் திண்டிவனம் கிளம்பினார்கள். வெள்ளை ஜிப்பா, அத்தர், பையில் நூற்று இருபது ரசீது. பஸ் பெருமுக்கல் தாண்டும்போது ஹமீதா மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, இந்தப் பெருநாளைக்காவது ஃபர்ஹானாவ வரச் சொல்லலாமா?"

வழக்கமாக இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். பஸ்ஸில் எங்கே போவது? ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல என் கடன் தீரட்டும். அந்த சர்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முடியாது என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஹமீதா சங்கத்துப் படி ஏறினாள்.

சக்கரபாணிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. "வாங்க பாய், உக்காருங்கம்மா" என்று நாற்காலி போட்டார். கம்ப்யூட்டரில் தட்டினார்.

"உங்களுது சுலபம் பாய். வட்டி பாக்கி முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம், அது மொத்தமும் தள்ளுபடி. அசல் இருபத்துநாலாயிரத்த இருபத்தெட்டாம் தேதிக்குள்ள கட்டிட்டா சர்டிபிகேட் அன்னைக்கே தந்துடறேன்."

"எந்த அசல்?" என்றார் ஹபீப் முஹம்மது.

"உங்க அசல்தாங்க. இருபத்துநாலாயிரம்."

அவர் பையைத் திறந்து ரசீதுகளை மேஜையில் கொட்டினார். "இது என்ன? பத்து வருஷமா கட்டினது என்ன? ஒவ்வொண்ணுலயும் அசல்னு எழுதியிருக்குது பாருங்க."

சக்கரபாணி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பாவம், அவருக்கே தர்மசங்கடமாக இருந்தது. "இத எங்க எழுதினீங்க பாய்?"

"வீட்டுலதான்."

"இது உங்க காப்பிங்க. நீங்க வீட்டுல எழுதினது எங்க லெட்ஜருக்கு எப்படித் தெரியும்? வர்ற பணம் மொதல்ல வட்டிக்குப் போகும். மிச்சமிருந்தா அசலுக்கு. உங்களுக்கு மாசம் முந்நூத்தி அறுபது வட்டி, நீங்க கட்டினது இருநூறு. அசலுக்கு ஒரு ரூபா கூட வரலிங்க."

"நான் அன்னைக்கே வட்டி தரமாட்டேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. நான் முடிஞ்சத கட்டுங்கன்னேன். ரூல் நான் போட்டதில்லிங்க பாய்."

ஹமீதா ஒரு ரசீதைக் கையில் எடுத்தாள். "அப்ப இவரு இத்தன வருஷம் கட்டினது பூரா வட்டியாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் சக்கரபாணி. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மேலும் சொன்னார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க சங்கத்துலயே மாசம் தவறாம வட்டி கட்டினவரு பாய் ஒருத்தர்தான். புதுசா சேர்ற பசங்களுக்கெல்லாம் இவரத்தான் உதாரணம் காட்டுவோம்."

ஹபீப் முஹம்மது ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். அந்த நேரத்தில் ஹமீதாவுக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. அங்கிருந்து மகள் வீடு பத்து நிமிஷ நடை. அந்தப் பக்கம் திரும்பலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

பஸ் ஏறினார்கள். ஹமீதாவின் மனசுக்குள் ஒரு ஆசை முளைத்துவிட்டது. அடி பட்டவருக்குத்தானே வலி தெரியும். தானும் பத்து வருஷம் அந்த அழுக்கில்தான் நின்றிருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது, இனி எந்த வாயால் மகளைத் தள்ளி வைப்பார்? இறங்கினதும் அவர் வீட்டுக்கு வராமல் நேரே பள்ளிவாசலுக்குப் போனார். போகட்டும், அழுதுவிட்டு வரட்டும் என்று அவள் கஞ்சிக்கு அரிசியைக் களைந்தாள்.

நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். முகத்தைப் பார்த்ததும் ஹமீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெளிவாக இருந்தார். கழுவி விட்ட மாதிரி இருந்தார்.

"ஹஜ்ரத்கிட்ட சொன்னேன். தெரியாம நடந்தது குத்தமாகாதுன்னுட்டாரு. என் நிய்யத்து, மனசுல நெனச்சது, அசல் கட்டறதுதானே? நிய்யத்துதான் கணக்கு. தவ்பா செஞ்சு மன்னிப்பும் கேட்டுட்டேன். கஞ்சி இருக்குதா?"

மூன்று டம்ளர் கஞ்சி குடித்தார். பையிலிருந்த ரசீதுகளை எடுத்துத் திரும்பவும் கம்பியில் கோத்தார்.

"ஒரு மணி நேரத்துல உங்களுக்குத் தள்ளுபடி ஆயிடுச்சு" என்றாள் ஹமீதா. "எம் பொண்ணுக்கு எட்டு வருஷமா ஆகலையே."

"அதையும் இதையும் போட்டுக் குழப்பாத. நான் தெரியாம செஞ்சேன். அவன் தெரிஞ்சு செய்யறான்."

"அவன் செய்யறான். அவ என்ன செஞ்சா?"

"அந்தச் சோத்தத்தானே திங்கறா."

"நான் பன்னெண்டாயிரம் கோணி தெச்சு வட்டி கட்டியிருக்கேன். என்னைய என்ன பண்ணப் போறீங்க?"

பதில் இல்லாதபோது எல்லா ஆம்பளைகளும் செய்கிறதை அவரும் செய்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு தராவீஹ் தொழுகைக்குக் கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி, "இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

பிறகு அசலுக்கு அலைந்தார். உப்பளக் குத்தகைக்காரர்களிடம் முன்பணம் கேட்டார். சேற்றை வாரவே காசில்லாதவர்கள் கோணிக்கு எங்கே முன்பணம் கொடுப்பார்கள்? இருபத்தெட்டு தாண்டினால் தள்ளுபடியும் போய், மொத்தம் ஐம்பத்தாறாயிரமாக நிற்கும். சர்டிபிகேட்டும் இல்லை, பெருநாளைக்கு மகளைப் பற்றிய பேச்சும் இல்லை.

இருபத்தாறாம் தேதி, சணல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹமீதா திண்டிவனம் போனாள். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டில் நிற்கவில்லை. முதல் தடவையாக மகள் வீட்டு வாசலில் போய் நின்றாள். இரண்டு அறை, சின்ன அடுப்படி, சுவரெல்லாம் பிள்ளைகளின் கிறுக்கல். ஃபர்ஹானா ஓடிப் போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து, பாதி வழியில் நின்றுவிட்டாள். இருவருக்கும் நோன்பு. எட்டு வருஷம் கழித்து மகள் வீட்டுக்கு வந்த அன்றைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

நடந்ததைச் சொன்னாள். இஜாஸ் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து கேட்டான். சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூட ஹமீதா கோபப்பட்டிருக்க மாட்டாள்.

"வர்ற பணத்த மொதல்ல வட்டியிலதான் வைப்பாங்க மாமி. எங்களுக்கு மொத நாள் டிரெய்னிங்கே அதான்" என்றான். "மாமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா, எப்பவோ சொல்லியிருப்பேன்."

உள்ளே போய் ஃபர்ஹானாவோடு ஏதோ பேசினான். வெளியே வந்து ஒரு கவரைக் கொடுத்தான். இருபத்துநாலாயிரம். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்குச் சேர்த்து வைத்தது.

"என் சம்பளம்னு சொல்லாதீங்க மாமி. சொன்னா வாங்க மாட்டாரு."

"சொல்லித்தான் குடுப்பேன்" என்றாள் ஹமீதா.

ஃபர்ஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடன் தீந்தா பேசலாம்னு அத்தா சொன்னாருல்ல? பெருநாளைக்குப் பசங்களுக்கு எடுத்த டிரஸ்ஸ அங்க வந்து போட்டுக்கறோம்மா."

ஹமீதா நேரே சங்கத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டினாள். சக்கரபாணி ரசீதும் சர்டிபிகேட்டும் கொடுத்தார். நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தபோது ஹபீப் முஹம்மது குர்ஆன் ஓதி முடித்து எழுந்தார். இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் வைத்தாள்.

சர்டிபிகேட்டைப் படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. பிறகு, "ஏது பணம்?" என்றார்.

"மாப்பிள்ள குடுத்தது. அவரு சம்பளம்."

அவர் சர்டிபிகேட்டைக் கீழே வைத்தார்.

"வேணாம்னா இப்பவே சொல்லுங்க" என்றாள் ஹமீதா. குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "சக்கரபாணி நம்பர் எங்கிட்ட இருக்குது. நாளைக்குக் காலையில போய்த் திருப்பி வாங்கிக்கலாம். வேணும்னா போன எடுத்து உங்க பொண்ணுகிட்ட வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

போனை அவர் பக்கத்தில் வைத்தாள்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. அவர் கை போன் பக்கம் போனது போலத்தான் இருந்தது. ஆனால் சட்டைப் பையைத் தடவி, பச்சை மைப் பேனாவை எடுத்தது. ரசீதின் தலையில் 'அசல்' என்று எழுதினார். எழுந்து போய்க் கம்பியில் குத்தினார். சர்டிபிகேட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத்கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் போன் அடித்தது. ஃபர்ஹானா.

"அம்மா, அத்தா வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு."

"எங்கள வரச் சொன்னாரா?"

ஹமீதா கம்பியைப் பார்த்தாள். பச்சை மை இன்னும் காயவில்லை.

"இல்லம்மா. நீங்க வர வேணாம். பெருநாளைக்கு நான் வர்றேன், உன் வீட்டுல உக்காந்து சாப்பிடறேன்."

மகள் அழுகிறாள் என்று தெரிந்தது. அந்த அழுகைக்கு நடுவிலும் கேட்டாள். "அன்னைக்கு அத்தாவுக்கு யாரும்மா ஆக்கிப் போடுவாங்க?"

"கம்பியில நூத்தி இருபத்தோரு சீட்டு தொங்குது" என்றாள் ஹமீதா. "பெருநாளைக்கு அத ஆக்கித் தின்னட்டும் உங்க அத்தா."